பிஎஸ்ஏ முதல் பயாப்சி வரை: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) பரிசோதனை பற்றி ஆண்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் எழுதிய கடிதங்களில் இருந்து, பலருக்கும் இருக்கக்கூடிய சந்தேகங்களை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் வெளியிடவில்லை. சிறுநீரியல் மருத்துவர்கள் (யூராலஜிஸ்டுகள்) பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: எனக்கு வயது 58. முழு உடல் பரிசோதனையில் பிஎஸ்ஏ 5.8 என்று வந்திருக்கிறது. 4-க்குள் இருக்க வேண்டும் என்று அதே தாளில் போட்டிருக்கிறது. சிறுநீர் போவதில் எந்தத் தொந்தரவும் இல்லை. இது கேன்சர்தானா? உடனே பயாப்சி (ஊசியால் திசுத் துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்ய வேண்டுமா?

பதில்: இந்த ஓர் எண்ணை வைத்துக் கேன்சர் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பிஎஸ்ஏ, புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் ஒரு புரதம். கெட்டியாக வெளிவரும் விந்தை நீர்த்துப்போக வைப்பது அதன் வேலை. அதில் சிறிதளவு ரத்தத்திலும் கசியும். வயதாகிச் சுரப்பி பெரிதானாலும், கிருமி தொற்றினாலும், சிறுநீர் அடைத்து டியூப் போட்டாலும், கேன்சர் வந்தாலும் அந்தக் கசிவு கூடும். எதனால் கூடியது என்று எண் சொல்லாது. 4-க்கும் 10-க்கும் இடையில் உள்ளவர்களுக்குப் பயாப்சி செய்து பார்த்தால் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்குத்தான் கேன்சர் இருக்கும்.

எனவே முதலில் செய்ய வேண்டியது அதே டெஸ்டைத் திரும்பச் செய்வது. நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து, முடிந்தவரை அதே லேபில் கொடுங்கள். லேபுக்கு லேப் கருவியும் அளவிடும் முறையும் மாறுவதால், ஒரே ரத்தத்துக்கே எண் கொஞ்சம் வித்தியாசப்படும். ஒரே ஆளுக்குக் கூட நாளுக்கு நாள் 15, 20 சதவீதம் ஏறி இறங்குவது சாதாரணம். இரண்டாவது டெஸ்டில் எண் தானாகவே இறங்கிவிடுகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.

ரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் விந்து வெளியேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் நீண்ட தூரம் சைக்கிள் ஓட்ட வேண்டாம். சிறுநீர்த் தொற்று வந்திருந்தால், அது குணமாகி ஆறு வாரம் கழித்துத்தான் கொடுக்க வேண்டும். சிறுநீர்க் குழாயில் டியூப் போட்டிருந்தாலும், கேமரா விட்டுப் பார்த்திருந்தாலும், பயாப்சி எடுத்திருந்தாலும் அதே ஆறு வாரக் கணக்குத்தான். சாப்பிட்டிருக்கிறீர்களா இல்லையா என்பது இந்த டெஸ்டைப் பாதிக்காது.

தொந்தரவு இல்லை என்பதை நம்பி விட்டுவிட வேண்டாம். புராஸ்டேட் கேன்சர் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பக்கத்தில், மலக்குடலை ஒட்டிய பகுதியில் ஆரம்பிக்கிறது. சிறுநீர்க் குழாய் சுரப்பியின் நடுவே போகிறது. அதனால் ஆரம்ப நிலையில் சிறுநீர் போவதில் எந்த மாற்றமும் தெரியாது. இரவில் நாலு தடவை எழுந்து போகிறவருக்கு வெறும் வீக்கம் மட்டும் இருக்கலாம், நிம்மதியாகத் தூங்குகிறவருக்குக் கேன்சர் இருக்கலாம்.

கேள்வி: புராஸ்டேட் வீக்கத்துக்காக இரண்டு வருடமாக டாம்சுலோசின், டுடாஸ்டிரைடு இரண்டும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். பிஎஸ்ஏ 2.6. நார்மல் என்று லேபில் சொல்லிவிட்டார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: உங்கள் எண்ணை 5.2 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டுடாஸ்டிரைடு, ஃபினாஸ்டிரைடு இரண்டும் சுரப்பியைச் சுருக்கும் மருந்துகள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பிஎஸ்ஏ அளவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். லேப் தாளில் அச்சடித்திருக்கும் 4 என்ற எல்லை இந்த மருந்து சாப்பிடாதவர்களுக்கானது. டாம்சுலோசினால் பிஎஸ்ஏ மாறாது.

இரட்டிப்பாக்குவதை விட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. மருந்தைத் தொடங்கிய பிறகு உங்கள் பிஎஸ்ஏ எந்த அளவு வரை கீழே இறங்கியது என்று பழைய தாள்களைப் பாருங்கள். இறங்கிய எண் திரும்ப ஏறத் தொடங்கினால், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறுகிறது என்றால், அது 4-க்குள் இருந்தாலும் யூராலஜிஸ்டிடம் காட்ட வேண்டும். முடி கொட்டாமல் இருக்கச் சாப்பிடும் 1 மில்லிகிராம் ஃபினாஸ்டிரைடும் இதே மருந்துதான். அதைத் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பார், யூராலஜிஸ்டிடம் சொல்ல யாருக்கும் தோன்றாது. அவசியம் சொல்லுங்கள்.

கேள்வி: பிஎஸ்ஏ 6.4. மூன்று வாரம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுவிட்டு மறுபடி டெஸ்ட் செய்யச் சொன்னார்கள். காய்ச்சல், எரிச்சல் எதுவும் எனக்கு இல்லை. சாப்பிடலாமா?

பதில்: சிறுநீரில் கிருமி இருப்பது கல்ச்சரில் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்டில்) தெரிந்திருந்தாலோ, எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தாலோ சாப்பிட வேண்டியதுதான். ஒரு அறிகுறியும் இல்லாதவருக்கு எண்ணை இறக்கிப் பார்ப்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுப்பதால் பயன் இல்லை. மருந்து சாப்பிடாமல் காத்திருந்தாலும் பலருக்கு எண் இறங்கத்தான் செய்கிறது. மருந்தால் இறங்கியது என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதில் ஒரு கெடுதலும் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்தை வாரக்கணக்கில் சாப்பிட்டால், அதற்கு மசியாத கிருமிகள் மலக்குடலில் பெருகும். பிறகு மலக்குடல் வழியாக ஊசி விட்டுப் பயாப்சி எடுக்க நேர்ந்தால், அதே கிருமிகள் ரத்தத்தில் கலக்கலாம். அப்போது வழக்கமான மருந்து வேலை செய்யாது. முதலில் சிறுநீர் கல்ச்சர் செய்து பாருங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் மருந்து தேவையா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

கேள்வி: விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு என் கணவர் ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறார். ரத்த டெஸ்ட் செய்தால் போதாதா?

பதில்: அவருடைய கூச்சம் நியாயமானது. என்ன நடக்கும் என்று முன்கூட்டித் தெரிந்தால் பாதி குறைந்துவிடும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை நெஞ்சை நோக்கி மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். கையுறை மாட்டிய விரலில் ஜெல் தடவி ஆசனவாய் வழியாக உள்ளே விட்டு, மலக்குடலின் முன்சுவர் வழியே சுரப்பியைத் தடவிப் பார்ப்பார்கள். பத்து, பதினைந்து வினாடியில் முடிந்துவிடும். மலம் வருவது போலவும் சிறுநீர் முட்டுவது போலவும் தோன்றும், ஆனால் எதுவும் வராது. உடம்பை இறுக்கினால்தான் வலிக்கும். விரல் உள்ளே போகும்போது மலம் கழிப்பதற்கு முக்குவது போல லேசாக முக்கினால் தசை தளரும். மூலம், ஆசனவாய் வெடிப்பு இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

சாதாரணப் புராஸ்டேட் மிருதுவாக இருக்கும். கட்டை மாதிரி கெட்டியான இடம், மேடு, ஒரு பக்கம் மட்டும் பெருத்திருப்பது ஆகியவற்றைத்தான் விரல் தேடுகிறது. பிஎஸ்ஏ குறைவாக இருந்தும் கட்டி தட்டுப்படுகிறவர்கள் சிலர் உண்டு. அதே நேரம், சிறிய கட்டிகளையும் முன்பக்கம் இருக்கும் கட்டிகளையும் விரல் தொட முடியாது. இப்போதெல்லாம் முதல் கட்டத்தில் ரத்த டெஸ்ட் மட்டும் போதும் என்று பல நாடுகளில் நடைமுறை மாறிவருகிறது. உங்கள் கணவர் பிஎஸ்ஏ மட்டும் கொடுத்துவிட்டு வரட்டும். எண் கூடியிருந்தால், விரல் பரிசோதனை பற்றி அப்போது யூராலஜிஸ்டிடம் பேசிக்கொள்ளலாம். இதற்குப் பயந்து ரத்தமே கொடுக்காமல் இருப்பதுதான் கூடாது.

கேள்வி: பிஎஸ்ஏ 7. வயிற்று ஸ்கேனில் புராஸ்டேட் 70 கிராம், கிரேடு 2 என்று எழுதியிருக்கிறார்கள். கிரேடு 2 என்றால் கேன்சர் பரவிவிட்டதா? எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார் டாக்டர். அது எதற்கு?

பதில்: வயிற்று ஸ்கேனில் போடும் கிரேடு சுரப்பியின் பருமனைக் குறிப்பது. கேன்சருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஸ்கேனால் கேன்சரைக் கண்டுபிடிக்கவும் முடியாது, இல்லை என்று உறுதி சொல்லவும் முடியாது. ஆனாலும் அதில் உங்களுக்கு உதவும் ஒரு தகவல் இருக்கிறது. பிஎஸ்ஏ எண்ணைச் சுரப்பியின் அளவால் வகுத்துப் பாருங்கள். 7-ஐ 70-ஆல் வகுத்தால் 0.10. இதைப் பிஎஸ்ஏ அடர்த்தி என்கிறோம். 0.15-க்குக் கீழே இருந்தால், எண் கூடியதற்குச் சுரப்பியின் பருமனே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே 7, வெறும் 30 கிராம் சுரப்பியிலிருந்து வந்தால் 0.23. அவருக்குச் சந்தேகம் கூடுகிறது.

எம்ஆர்ஐ, சந்தேகமான இடம் சுரப்பிக்குள் எங்கே இருக்கிறது என்று காட்டும். அதைப் பயாப்சிக்கு முன்னால் எடுப்பதுதான் சரி. ஊசி குத்திய பிறகு உள்ளே கட்டிய ரத்தம் பல வாரங்களுக்குப் படத்தைக் குழப்பும். 2018-ல் வெளிவந்த பிரிசிஷன் ஆய்வில் 500 ஆண்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். எம்ஆர்ஐ எடுத்து, சந்தேக இடம் இருந்தால் அதில் மட்டும் ஊசி விடுவது என்ற பிரிவில் 38 சதவீதம் பேருக்குக் கவனிக்க வேண்டிய கேன்சர் கிடைத்தது. எம்ஆர்ஐ இல்லாமல் பொதுவாக எல்லா இடத்திலும் ஊசி விட்டவர்களில் அது 26 சதவீதம். எம்ஆர்ஐ பிரிவில் 28 சதவீதம் பேருக்குப் படத்தில் சந்தேகம் இல்லாததால் பயாப்சியே தேவைப்படவில்லை.

படம் எடுக்க அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். அசையாமல் படுத்திருக்க வேண்டும், இயந்திரம் பலத்த சத்தம் போடும், காதுக்கு அடைப்பான் தருவார்கள். மலக்குடலில் மலமும் காற்றும் இருந்தால் படம் நெளியும், அதனால் காலையில் மலம் கழித்துவிட்டுப் போங்கள். கையில் ஊசி வழியாக காடோலினியம் என்ற மருந்து ஏற்றுவதாக இருந்தால், சிறுநீரகம் பழுதானவர்கள் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த டெஸ்ட்) தாளைக் காட்ட வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்களும் சொல்ல வேண்டும், உலோகம் பக்கத்தில் இருந்தால் படம் கெடும்.

ரிப்போர்ட்டில் பைராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஓர் எண் இருக்கும். 1, 2 என்றால் சந்தேகம் குறைவு. 4, 5 என்றால் பயாப்சி வேண்டும். 3 நடுவில் இருப்பது, இங்கேதான் பிஎஸ்ஏ அடர்த்தி முடிவெடுக்க உதவும். உங்களுக்குப் படம் 1 அல்லது 2 ஆகவும் அடர்த்தி 0.10 ஆகவும் இருந்தால், பயாப்சியைத் தள்ளிவைத்துவிட்டு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிஎஸ்ஏ பார்ப்பது ஏற்கத்தக்க வழி. எம்ஆர்ஐயும் சில கேன்சர்களைத் தவறவிடும் என்பதால், அந்தப் பிஎஸ்ஏ பார்ப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: ஊசி குத்தினால் கேன்சர் பரவிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பரவாது. ஊசி போன தடத்தில் கேன்சர் வளர்வது, புராஸ்டேட் பயாப்சியைப் பொறுத்தவரை, மிக மிக அரிது. பயாப்சிக்குப் பிறகு நோய் முற்றியது தெரியவந்தால், பயாப்சியால் முற்றியது என்று வெளியில் பேசுவார்கள். நோய் முன்பே முற்றியிருந்ததை அது காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

கேள்வி: அடுத்த வாரம் பயாப்சி. எப்படிச் செய்வார்கள்? எவ்வளவு வலிக்கும்? ஆசனவாய் வழியாக எடுப்பது, தொடையிடுக்கு வழியாக எடுப்பது என்று இரண்டு வழி சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: இரண்டிலும் ஆசனவாய்க்குள் விரல் பருமனை விடச் சற்றுப் பெரிய ஸ்கேன் கருவியை விடுவார்கள். இது பலருக்கும் தெரியாமல், தொடையிடுக்கு வழி என்றால் ஆசனவாய்ப் பக்கமே போக மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்து அதிர்ச்சி அடைகிறார்கள். ஊசி நுழையும் வழி மட்டும்தான் வேறு.

மலக்குடல் வழிப் பயாப்சியில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள். ஸ்கேன் கருவியை ஒட்டியபடி ஊசி மலக்குடல் சுவரைத் துளைத்துச் சுரப்பிக்குள் போகும். தூரம் குறைவு, வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஊசி மலக்கிருமிகள் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போகிறது. இந்த வழியில் நூற்றில் ஓரிருவருக்கு, சில இடங்களில் அதற்கு மேலும், ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குத் தொற்று வருகிறது. அதனால்தான் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தருகிறார்கள். போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி கொண்டு மலக்குடலைத் துடைத்தால் தொற்று மேலும் குறைகிறது. செலவில்லாத, எளிதான காரியம் இது. செய்வீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

மற்ற வழியில் மல்லாந்து படுத்துக் கால்களைத் தூக்கித் தாங்கியில் வைப்பார்கள். விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள தோலைச் சுத்தம் செய்து அங்கிருந்து ஊசி போகும். மலக்குடலைத் துளைக்காததால் தொற்று மிகவும் குறைவு. சுரப்பியின் முன்பக்கமும் நன்றாக எட்டும். மரத்துப்போகும் ஊசி இதில் சற்று அதிகமாகப் போட வேண்டியிருக்கும், பயாப்சிக்குப் பின் சிறுநீர் அடைக்கும் வாய்ப்பும் சில இடங்களில் கொஞ்சம் அதிகம். இரண்டு வசதியும் இருந்தால் தொடையிடுக்கு வழியைத் தேர்ந்தெடுங்கள் என்பதே எங்கள் கருத்து. சர்க்கரை நோய் இருப்பவர்கள், சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள், சமீபத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் இதைக் கேட்டே வாங்க வேண்டும்.

வலியைப் பற்றி. தொடையிடுக்கு வழியில் அதிகம் எரிவது மரத்துப்போகும் ஊசி போடும் அந்த அரை நிமிடம். லிக்னோகெய்ன் மருந்தைத் தோலிலும், பிறகு ஆழமாகச் சுரப்பியைச் சுற்றியும் போடுவார்கள். போட்டவுடன் பயாப்சி ஊசியை எடுக்கக் கூடாது. சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால்தான் ஒவ்வொரு குத்தும் தெரியும். 'மரத்துவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்' என்று நீங்கள் சொல்வதில் தப்பே இல்லை. பிறகு ஸ்பிரிங் பொருத்திய ஊசித் துப்பாக்கி ஸ்டேப்ளர் அடிப்பது போலச் சத்தம் போடும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள நூலிழைத் துண்டு ஒன்று வரும். வலியை விட அந்தச் சத்தத்துக்குத்தான் உடம்பு துள்ளும். முதல் சத்தத்தைச் சும்மா ஒரு தடவை அடித்துக் காட்டச் சொல்லுங்கள், துள்ளல் குறையும். சுரப்பியின் கீழ்நுனியில் எடுக்கும் துண்டுகள் மட்டும் மற்றவற்றை விடக் கூடுதலாகக் குத்தும்.

வழக்கமாக இரண்டு பக்கமும் சேர்த்து 12 துண்டுகள் எடுப்பார்கள். எம்ஆர்ஐயில் சந்தேக இடம் இருந்தால் அதிலிருந்து தனியாக மூன்று நான்கு. மொத்தம் 15, 20 நிமிடம். எங்கிருந்து எடுத்தது என்று எழுதித் தனித்தனிப் புட்டியில் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே புட்டியில் போட்டால், கேன்சர் எந்தப் பக்கம் என்றே பின்னால் தெரியாது.

மயக்க மருந்து இல்லை என்றால் வெறும் வயிற்றில் போக வேண்டாம், லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசியோடும் பயத்தோடும் படுத்தவர்களுக்குத்தான் எழுந்திருக்கும்போது தலை சுற்றி விழும் அபாயம். முடிந்ததும் சட்டென்று எழாமல் சில நிமிடம் படுத்திருந்து, உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். ஒரு தடவையாவது சிறுநீர் கழித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். துணைக்கு ஓர் ஆள் வேண்டும். சிறுநீர்த் தொற்று இருக்கும்போது பயாப்சி எடுக்கவே கூடாது. முந்தைய நாள் எரிச்சலோ காய்ச்சலோ வந்தால் போன் செய்து சொல்லித் தேதியை மாற்றுங்கள்.

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுகிறேன். பயாப்சிக்கு முன் நிறுத்த வேண்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் அடைத்தால் உயிருக்கு ஆபத்து. புராஸ்டேட் பயாப்சி பெரும்பாலும் சில மாதம் காத்திருக்கக் கூடியது. குறைந்த அளவு ஆஸ்பிரினை நிறுத்தாமலே பயாப்சி எடுக்கலாம், ரத்தம் ஓரிரு நாள் கூடுதலாகக் கசியும், அவ்வளவே. குளோபிடோக்ரலை நிறுத்துவதாக இருந்தால் 5 முதல் 7 நாள் முன்னால் நிறுத்துவார்கள். ஆனால் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகாதவருக்கு அந்த முடிவு இதய டாக்டருடையது. அவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். தள்ளிப்போடச் சொன்னால் தள்ளிப்போடுங்கள், இடையில் எம்ஆர்ஐ எடுத்து வைத்துக்கொள்ளலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அபிக்சபான், ரிவரோக்சபான் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே பேச்சுத்தான், நாள் கணக்கு மட்டும் மருந்துக்கு மருந்து மாறும். எப்போது மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்பதையும் அதே சீட்டில் எழுதி வாங்குங்கள். நிறுத்தியவர்கள் திரும்ப ஆரம்பிக்க மறந்துபோவது நடக்கிறது.

கேள்வி: கணவருக்குப் பயாப்சி முடிந்து மூன்று வாரம் ஆகிறது. விந்து பழுப்பு நிறத்தில் வருகிறது. அவர் யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருக்கிறார். எனக்கு இதனால் ஏதாவது ஆகுமா?

பதில்: உங்களுக்கு ஒன்றும் ஆகாது. கேன்சர் இதன் வழியே தொற்றாது. முதலில் சிவப்பாகவும் பிறகு துருப்பிடித்த நிறமாகவும் வருவது பழைய ரத்தம். ஆறு வாரம், சிலருக்கு மூன்று மாதம் வரை கூட இருக்கும். விந்து வெளியேற வெளியேறச் சீக்கிரம் தெளியும். இதைப் பயாப்சி அன்றே சொல்லி அனுப்ப வேண்டும், பலர் கூச்சத்தால் சொல்வதில்லை. சிறுநீரில் ரத்தம் சில நாள், சிலருக்கு இரண்டு வாரம் வரை வந்துபோகும். மலக்குடல் வழியாக எடுத்திருந்தால் மலத்தில் ஓரிரு நாள் ரத்தம் தெரியும். சில வாரங்களுக்கு விறைப்பு குறைவதும் உண்டு, பெரும்பாலும் தானே சரியாகும். சிறுநீரில் ரத்தக்கட்டிகள் வந்தாலோ, முட்டிக்கொண்டு வந்தும் சிறுநீர் போக முடியாவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: பயாப்சி எடுத்த மறுநாள் இரவு உடம்பு நடுங்கிக் காய்ச்சல் வந்தால் காலை வரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எது மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கம் எடுத்தாலோ, கிருமி ரத்தத்தில் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பாராசிட்டமால் போட்டுப் படுத்தால் காய்ச்சல் இறங்கும், கிருமி இறங்காது. கையில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை இரண்டு மடங்காகச் சாப்பிடுவதும் வீண், அந்த மருந்தைத் தாண்டி வந்த கிருமிதான் காய்ச்சலைக் கொடுக்கிறது.

அவசரப் பிரிவில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. 'புராஸ்டேட் பயாப்சி இன்ன தேதியில் எடுத்தது, இன்ன மருந்து கொடுத்தார்கள்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டுங்கள். ரத்தத்தையும் சிறுநீரையும் கல்ச்சருக்கு எடுத்துக்கொண்டு உடனே நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். இந்தத் தொற்று பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில் வரும், அரிதாகப் பிறகும் வரலாம். ஒரு வாரத்துக்கு வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும், ஆஸ்பத்திரி எட்டாத இடத்துக்குப் பயணம் வேண்டாம்.

கேள்வி: வயது 63. ரிப்போர்ட்டில் '12-ல் 2 துண்டுகளில் அடினோகார்சினோமா, கிளீசன் 3+3=6' என்று இருக்கிறது. பத்துக்கு ஆறு என்றால் பாதிக்கு மேல் முற்றிவிட்டதா? உடனே ஆபரேஷன் செய்துவிடலாம் என்கிறார்கள் வீட்டில்.

பதில்: அடினோகார்சினோமா என்பது சுரப்பித் திசுவில் வரும் கேன்சர். ஆனால் 6 என்பதைப் பத்துக்கு ஆறு என்று படிக்க வேண்டாம். இன்று பயாப்சியில் கேன்சர் என்று எழுதினால் அதில் மிகக் குறைந்த மதிப்பெண்ணே 6-தான். கிளீசன் முறை 1960-களில் வந்தது. செல்கள் அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்து, அதிகமாகக் காணும் வகைக்கு ஓர் எண், அடுத்ததற்கு ஓர் எண் போட்டுக் கூட்டுவார்கள். 1, 2 என்ற எண்களை இப்போது பயாப்சியில் போடுவதில்லை. இந்தக் குழப்பம் தீரத்தான் 2014-ல் 1 முதல் 5 வரை கிரேடு குரூப் கொண்டுவந்தார்கள். 3+3 என்றால் குரூப் 1. 3+4 என்றால் 2. 4+3 என்றால் 3. இரண்டும் கூட்டினால் 7 என்றாலும், 4 முன்னால் வந்தால் அது கடுமையானது. மொத்தம் 8 வந்தால் 4. 9, 10 என்றால் 5.

உங்களுடையது குரூப் 1. பிஎஸ்ஏ 10-க்குக் கீழ் இருந்து, எம்ஆர்ஐயில் பெரிய கட்டி எதுவும் இல்லை என்றால், உடனே சிகிச்சை செய்யாமல் கண்காணிப்பதுதான் இன்று முதலில் சொல்லும் யோசனை. பிஎஸ்ஏ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு வருடத்தில் மறுபடி எம்ஆர்ஐ, பயாப்சி, அதன் பிறகு இடைவெளி விட்டுத் தொடர்வது வழக்கம். நோய் வேகம் எடுத்தால் அப்போது சிகிச்சை. பிரிட்டனில் நடந்த ப்ரொடெக்ட் ஆய்வில், பிஎஸ்ஏ மூலம் தெரியவந்த, சுரப்பிக்குள்ளேயே இருந்த கேன்சர் உள்ள 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என்று மூன்று பிரிவாக்கினார்கள். 15 வருடம் கழித்து, 2023-ல் வந்த முடிவின்படி, இந்த நோயால் இறந்தவர்கள் மொத்தத்தில் 2.7 சதவீதம், பிரிவுக்குப் பிரிவு பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கண்காணிப்புப் பிரிவில் நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியவர்கள் 9.4 சதவீதம். மற்ற இரண்டிலும் அது ஏறக்குறைய 5. கண்காணிப்பில் இருந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் அந்தப் பதினைந்து வருடத்துக்குள் ஆபரேஷனோ கதிர்வீச்சோ செய்துகொண்டார்கள். ஆக, கண்காணிப்பு என்பது டெஸ்டுகளைத் தவறாமல் செய்துகொள்கிறவருக்கு மட்டுமே பொருந்தும்.

எந்த முடிவுக்கு முன்பும் ஒன்று செய்யுங்கள். லேபிலிருந்து கண்ணாடி ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளையும் வாங்கி, புராஸ்டேட் திசுக்களை அதிகமாகப் பார்க்கும் இன்னொரு பேதாலஜிஸ்டிடம் (திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர்) காட்டுங்கள். 3-க்கும் 4-க்கும் உள்ள கோடு மெல்லியது. ஒருவர் 3+3 என்றதை இன்னொருவர் 3+4 என்பதும், மறுபக்கமாகவும், நடக்கிறது. உங்கள் சிகிச்சையே அந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் தாமதமானால் இந்த நோயில் ஒன்றும் கெட்டுப்போகாது.

கேள்வி: பைராட்ஸ் 5 என்று எம்ஆர்ஐ சொன்னது. பயாப்சியில் பினைன், அதாவது கேன்சர் இல்லை, என்று வந்துவிட்டது. தப்பித்தோம் என்று விட்டுவிடலாமா?

பதில்: இன்னும் இல்லை. பைராட்ஸ் 5-க்கும் பினைனுக்கும் ஒத்துப்போகவில்லை. ஊசி அந்த இடத்தில் சரியாகப் படாமல் போயிருக்கலாம். அல்லது உண்மையிலேயே அங்கே இருப்பது நாள்பட்ட அழற்சியாக இருக்கலாம், அது எம்ஆர்ஐயில் கேன்சர் மாதிரியே தெரியும். சிறுநீர்ப்பைக் கேன்சருக்காக பிசிஜி மருந்து ஏற்றியவர்களுக்கு இப்படி வருவது தெரிந்த விஷயம். அந்த இடத்துத் துண்டுகளில் அழற்சி என்று எழுதியிருந்தால் கணக்கு சரியாகிறது. வெறும் சாதாரணத் திசு என்று இருந்தால், படத்தை மறுபடி பார்த்துச் சில மாதங்களுக்குள் அந்த இடத்திலிருந்து மட்டும் திரும்ப எடுப்பது நல்லது. ஏஎஸ்ஏபி என்று எழுதியிருப்பவர்களுக்கும் இதே யோசனை. கேன்சர் என்று உறுதி சொல்ல முடியாத அளவுக்குச் சிறிய சந்தேகத் திட்டு என்பது அதன் பொருள்.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயதில் புராஸ்டேட் கேன்சர் வந்தது, இப்போது 79, நன்றாக இருக்கிறார். எனக்கு 43. நான் எப்போது பிஎஸ்ஏ பார்க்க வேண்டும்? 80 வயதாகும் என் பெரியப்பாவுக்கும் பார்க்க வேண்டுமா?

பதில்: அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்தால் மற்றவர்களை விட இரண்டு மடங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. பொதுவாக 50 வயதில் யோசிக்கச் சொல்வதை நீங்கள் 45-லேயே ஆரம்பியுங்கள். குடும்பத்துப் பெண்களையும் விசாரியுங்கள். அம்மா, அக்கா தங்கை, அத்தை ஆகியோரில் இளவயதில் மார்பகக் கேன்சரோ சினைப்பைக் கேன்சரோ வந்திருந்தால், பிஆர்சிஏ2 என்ற மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் 40-லிருந்தே வருடாவருடம் டெஸ்ட். உங்கள் முதல் எண் 1-க்குக் கீழே இருந்தால், அடுத்த டெஸ்டுக்கு இரண்டு வருடம் காத்திருக்கலாம்.

பெரியப்பாவுக்குத் தொந்தரவு இல்லை என்றால் பார்க்க வேண்டாம். அந்த வயதில் மெதுவாக வளரும் கேன்சர் ஒன்றைக் கண்டுபிடித்தால், பயாப்சியும் மருந்தும்தான் அவரை வாட்டும். ஆனால் சிறுநீரில் ரத்தம், விடாத இடுப்பு எலும்பு அல்லது முதுகெலும்பு வலி, காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் டாக்டரிடம் காட்டிப் பிஎஸ்ஏ பார்க்க வேண்டும். முதுகுவலியோடு கால்கள் திடீரென்று வலுவிழந்தால், டெஸ்டுக்குக் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேருங்கள்.